சுரங்கம் வருமுன் கிணற்றுக்கு ஒரு காகிதம்

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க இத்தனை அலைச்சல் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், முதல் மாதிரியைப் பழைய குளிர்பான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருக்க மாட்டேன். ஆய்வகத்தில் மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உலோகங்களைப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் தரும் சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டுமாம். அதில் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். ஒரு போன் செய்திருந்தால் தெரிந்திருக்கும். செய்யவில்லை.

எங்கள் ஊரை ஒட்டி யுரேனியச் சுரங்கமும் ஆலையும் வரப்போகின்றன, கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் என்று அறிவிப்பு ஒட்டியதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வேலை கிடைக்கும் என்று ஒரு பக்கம், நிலம் போகும் என்று இன்னொரு பக்கம். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. என் கவலையெல்லாம் கிணறுதான். யுரேனியத் தாது உள்ள பகுதியில் நிலத்தடி நீரிலும் அது கொஞ்சம் இயற்கையாகவே கரைந்திருக்கும். நாளைக்குத் தண்ணீர் கெட்டால், "அது எப்பவுமே அப்படித்தானே இருந்துச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இல்லை என்று மறுக்க, வேலை தொடங்குமுன் தேதி போட்ட காகிதம் நம் கையில் இருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால், ஆய்வுக்காகத் துளை போட வண்டி வந்தபோதே எடுத்திருக்க வேண்டும். அப்போது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் முறை சரியான பாட்டிலோடு வந்தேன். ரேடானுக்குத் தனியாக ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி கொடுத்திருந்தார்கள். அது யுரேனியம் சிதைவதால் உண்டாகும் கதிரியக்க வாயு என்பதால் குப்பிக்குள் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. அதையெல்லாம் கவனமாகச் செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை கொண்டுபோய் நின்றேன். ஆய்வகம் பூட்டியிருந்தது. ரேடானின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 3.8 நாள்தான். திங்கட்கிழமை வாங்கிக்கொண்டவர், "பிடிச்ச நேரம் தெரிஞ்சா கணக்குப் போட்டுச் சரிசெஞ்சுடலாம் சார், எப்ப பிடிச்சீங்க?" என்று கேட்டார். பாட்டில் மேல் தேதி எழுதியிருந்தேன், மணி எழுதவில்லை. மத்தியானமா, மூன்று மணியா? நான் தலையைச் சொறிந்ததைப் பார்த்து அவரே குப்பியை ஓரமாக வைத்துவிட்டார்.

ஆனால் அவர்தான் பெரிய தவறு ஒன்றையும் சுட்டிக்காட்டினார். நானே பிடித்து நானே கொண்டுபோனால் எதிர்த்தரப்பு அதை ஏற்காது. நடுவில் நான் எதையாவது கலந்திருக்கலாம் என்று ஒரு வார்த்தை போதும், எல்லாம் வீண். அதனால் மூன்றாம் முறை ஆய்வக ஆளையே கூலி கொடுத்து வரவழைத்தேன். அவர் வந்ததும் மோட்டாரைப் போட்டு, குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போகட்டும் என்று ஓடவிட்டார். வெப்பமும் மின்கடத்தும் திறனும் ஏறி இறங்காமல் ஒரே அளவில் நின்ற பிறகுதான் பிடித்தார். முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார். பரிசோதனை முடிவைவிட அந்தத் தாள்தான் பின்னால் அதிகம் உதவியது.

இன்னொன்று: யுரேனியம், ரேடியம், ஆர்சனிக் இவற்றோடு குளோரைடையும் சல்பேட்டையும் கேட்டு வாங்குங்கள். யுரேனியம் மண்ணில் ஒட்டி ஒட்டி மெதுவாக நகரும். இவை இரண்டும் தண்ணீரோடு முன்னாலேயே ஓடி வந்துவிடும். ஆலைக் கழிவைத் தேக்கி வைக்கும் குளம் கசிந்தால் முதலில் துப்புக் கொடுப்பவை இவைதான்.

முடிவு வந்தது: யுரேனியம் லிட்டருக்கு 11 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 30. சரி, நிம்மதி என்று சுரங்கத்துக்கான திட்ட அறிக்கையைப் பார்க்கப் போனேன். அங்கே எங்கள் பகுதித் தண்ணீருக்கு "0.2 முதல் 0.9 வரை" என்று இருந்தது. கூட வந்த பக்கத்து நிலத்துக்காரர், "ஒண்ணுகூட இல்லப்பா, இதுக்கா இப்படி அலையறே" என்று சிரித்தார். எனக்கும் ஒரு நிமிடம் ஆடிப்போய்விட்டது. அப்புறம்தான் தலைப்பைப் பார்த்தோம். அவர்கள் போட்டிருந்தது பெக்கெரல்: எடையை அல்ல, கதிரியக்கத்தை அளக்கும் அலகு. இயற்கை யுரேனியம் ஒரு மைக்ரோகிராம் என்றால் சுமார் 0.025 பெக்கெரல். 0.9 என்பது கிட்டத்தட்ட 35 மைக்ரோகிராம்! எங்கள் கிணறு வெறும் 0.28.

அந்த 35 எங்கிருந்து வந்தது? அட்டவணையில் கிணறுகளுக்கு எண் மட்டும்தான் இருந்தது. இடம் எது என்பது வேறொரு தொகுதியில் வரைபடமாக இருந்தது. வரைபடத்தை நகல் எடுக்கக் கூடாது என்றார்கள், கையால் குறித்துக்கொள்ளத் தடையில்லையாம். அரை நாள் உட்கார்ந்து எண்ணையும் இடத்தையும் பொருத்தினோம். பதினான்கில் ஐந்து தாதுப் படுகைக்கு உள்ளேயே இருந்தன. அதிக அளவெல்லாம் அந்த ஐந்தில்தான். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து "இப்பகுதியின் இயல்பு நிலை" என்று எழுதிவிட்டால், நாளை எங்கள் கிணறு 11-இலிருந்து 30-க்கு ஏறினாலும் இயல்புக்கு உட்பட்டதுதான். பொய் எதுவும் எழுதவில்லை. கூட்டிப் போட்டதுதான் வித்தை.

இதை எழுத்தில் கொடுக்கப் போன இடத்தில்தான் நொந்துபோனேன். முதல் நாள் பொறுப்பானவர் விடுப்பு. அடுத்த தடவை, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து இல்லை என்று திருப்பினார்கள். கடைசியில் வாங்கிக்கொண்டவர் ஒப்புகை தர மறுத்தார். "வெச்சுட்டுப் போங்க சார், நாங்க பாத்துக்கறோம்." அந்த வார்த்தையை நம்பி எத்தனை பேர் வீட்டுக்குப் போயிருப்பார்களோ. நான் என் நகலை நீட்டியபடி நின்றேன், உட்காரச் சொல்லவில்லை, அப்போதும் நின்றேன். மூடும் நேரத்துக்கு முத்திரை விழுந்தது. அதற்கு முன்பே பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பியிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். எனக்கு முன் பேசியவர்கள் பாதி நேரம் வணக்கத்திலேயே கழித்தார்கள். "யுரேனியத்தை எடுத்துடுறோம், மிச்சம் வெறும் மண்தான்" என்று மேடையில் ஒருவர் சொன்னார். கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் அந்த மிச்சத்தில்தான் தங்கும், அதில் தோரியம்-230 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, அதன் அரை ஆயுளே ஏறக்குறைய 75,000 ஆண்டு என்று மட்டும் சொன்னேன். 1979 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சர்ச் ராக் ஆலையின் கழிவுக் குளக் கரை உடைந்து சுமார் 35 கோடி லிட்டர் ஆற்றில் கலந்ததையும் சேர்த்தேன். கைதட்டல் கிடைத்தது. ஆனால் பதிவில் அந்தப் பேச்சு ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது: "ஒருவர் கழிவு குறித்து ஐயம் தெரிவித்தார்."

எழுதிக் கொடுத்ததுதான் நின்றது. திருத்திய அறிக்கையில் தாதுப் படுகைக் கிணறுகள் தனி அட்டவணைக்குப் போய்விட்டன. கண்காணிப்புப் பட்டியலில் எங்கள் கிணறு 15-ஆம் எண். சுரங்கம் வருமா வராதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஒரு தடவை எடுத்தது போதாது, பருவத்துக்குப் பருவம் அளவு மாறும். அடுத்த மாதிரி மழைக்குப் பிறகு. "என் கிணத்துக்கும் சேர்த்துச் சொல்லிடுப்பா" என்று பக்கத்து நிலத்துக்காரர் நேற்றுத்தான் கேட்டார். புதுப் பாட்டில்கள் வந்துவிட்டன. மணி குறிக்க ஒரு பேனாவையும் அவற்றோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.