கிராம், கிலோ, லாம்டா: திருகோணமலைக் குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

சோளகக் காலம், நிலாவெளி வாடிகளில் (மீனவர் தங்கும் கடற்கரைக் குடில்கள்) மீன் நிறைய. சி ஷார்ப் நிரல்மொழிப் பயிற்சிக்கு நான்கு பெட்டிகளின் எடை, கிராமில்: 2750, 900, 14200, 3600. எல்லாம் ஓர் இன்ட் (முழு எண்) அணியில், அதாவது அரேயில்.

கிலோவாக்க லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சுற்று) வேண்டாம், ஒவ்வோர் உறுப்பையும் மாற்றித் தரும் அரே வகுப்பின் கன்வெர்ட்ஆல் போதும். அதற்கு அணியையும் ஒரு கன்வெர்ட்டர் டெலிகேட்டையும் (ஒரு மெதட்டை, அதாவது செயற்கூற்றை, ஏந்திச் செல்லும் பொருள்) கொடுக்க வேண்டும். ஒரு பெறுமதியை வாங்கி ஒன்றைத் திருப்பித் தரும், வகை பொருந்தும் எந்த மெதட்டையும் அந்த டெலிகேட்டில் மாட்டலாம். பெயர் வைக்கப் பஞ்சியென்றால் லாம்டா, அதாவது பெயரில்லாத குட்டி மெதட்:

கிராம் => கிராம் / 1000

சி ஷார்ப் தமிழ் மாறிப்பெயரை ஏற்கும், வரி அப்படியே ஓடும். விடைதான் பிழை: 2, 0, 14, 3. இன்ட்டை இன்ட்டால் வகுத்தால் பின்னம் வெட்டுப்படும். வெளிவரும் வகை டபிளாக (பின்னம் ஏற்கும் எண் வகை) இருந்தாலும் வெட்டு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. 900 கிராம் பூச்சியமானால் சம்மாட்டி (மீன்பிடி முதலாளி) விடுவாரா? 1000.0 என்று எழுதினால் 2.75, 0.9, 14.2, 3.6.

ஜூன் 5, வியாழன்

ஒவ்வோர் உறுப்புக்கும் லாம்டாவை ஓட்டும் அரே.ஃபோர்ஈச்சில், கிலோ அணிக்கு 'கிலோ => கிலோ = கிலோ * 2' என்று கொடுத்தால் பிழைச்செய்தி வராது, அணியும் மாறாது. லாம்டாவின் கைக்கு வருவது உறுப்பின் நகல்.

ஜூன் 9, திங்கள்

விலை என்ற மாறியில் ஒரு கிலோவின் விலை, 1200. கிலோ அணியின் ஒவ்வோர் உறுப்பையும் மாற்ற, லிங்கின் (சி ஷார்ப்பின் தரவு வினவல் வசதி) செலெக்டுக்கு:

கிலோ => கிலோ * விலை

அடுத்த வரியில் விலையை 1500 ஆக்கிவிட்டு விடையை அச்சிட்டால், முதல் பெட்டிக்கு 3300 அல்ல, 4125. இரண்டு காரணம் சேர்கிறது. லாம்டா பிடித்து வைப்பது மாறியை, அதன் அன்றைய பெறுமதியை அல்ல. செலெக்ட் அழைத்த இடத்தில் எதையும் கணக்கிடாது; வாசிக்கும்போதுதான் ஓடும், இரண்டு முறை வாசித்தால் இரண்டு முறை. செலெக்ட் முடிந்த கையோடு டூஅரே (விடையை உடனே அணியாக்கும் மெதட்) போட்டால் 3300 நிலைக்கும். கன்வெர்ட்ஆல் உடனேயே புது அணி தருவதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை.

காசுக்கு டெசிமல் என்ற தசம எண் வகைதான் முறை. ஆனால் அதை டபிளோடு நேராகப் பெருக்கக் கம்பைலர் (நிரலைக் கணினிக்கு மொழிபெயர்ப்பது) விடாது. எடையையும் டெசிமலாக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

ஃபோர் லூப்புக்குள் அணி[சுட்டி] (சுட்டி என்பது உறுப்பின் வரிசை எண்) என்று வாசிக்கும் நான்கு லாம்டாக்களைச் சேமித்து, லூப் முடிந்தபின் ஓட்டினால் முதலாவதே எல்லை மீறி விழும். நான்குக்கும் ஒரே சுட்டி. அது இப்போது 4; அணியில் இருப்பதோ 0 முதல் 3 வரை. லூப்புக்குள் புது மாறியில் நகலெடுத்து அதைக் கொடுக்க வேண்டும். ஃபோர்ஈச் லூப்பில் 2012இல் வந்த சி ஷார்ப் 5 முதல் சுற்றுக்கொரு புது மாறி. அதற்கு முந்தைய கம்பைலரென்றால் அங்கேயும் நகல்தான்.