ஹெர்பி ஆகும் பீட்டில்: பின்சக்கரச் சாய்வும் துணிக் கூரையும்

வெள்ளை அடித்து, சிவப்பும் நீலமுமாகக் கோடு இழுத்து, வட்டத்துக்குள் 53 ஒட்டிவிட்டால் வோக்ஸ்வேகன் பீட்டில் கார், டிஸ்னி படத்தில் வரும் உயிருள்ள கார் ஹெர்பி ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேலைக்கு ஒரு பின்னேரம் போதும். நான் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

1968இல் டிஸ்னி எடுத்த 'தி லவ் பக்' படத்தில் ஹெர்பியாக ஓடுவது 1963ஆம் ஆண்டு பீட்டில். பார்வைக்கு அது வீதியில் போகிற சாதாரணக் கார்தான். இறக்கை இல்லை, ரொக்கெட் இல்லை. பிரதி எடுப்பவனுக்கு அதுதான் கஷ்டம். கண்ணைப் பறிக்கிற ஏதாவது ஒன்றைப் பூட்டி மற்றக் குறைகளை மறைக்க வழியே கிடையாது. 1963இல் இருந்தவை இருக்க வேண்டும், பிறகு வந்தவை கழல வேண்டும்.

கார் என் மாமாவினுடையது. கொழும்பு வெள்ளவத்தையில் கடலோர ஒழுங்கை ஒன்றில் நெடுநாள் நின்றது. ஸ்டியரிங் வலப்பக்கம், நடுவில் 'ஸ்ரீ' எழுத்துள்ள பழைய இலங்கை இலக்கத் தகடு. இந்த இரண்டிலும் கை வைக்கப் போவதில்லை. படத்துக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம், கலிபோர்னியாவின் ஓஎஃப்பி 857 என்ற தகடு. அந்தத் தகடு ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன். நிறுத்தி வைத்துக் காட்டும்போது மட்டும் மாட்டலாம். வீதியில் ஓடுவது மாமாவின் இலக்கத்தோடுதான்.

வேலை நடப்பது மாளிகாவத்தையில் ஒரு சின்ன கராஜில். அங்குள்ள மெக்கானிக் நானா இளவயதிலிருந்தே வோக்ஸ்வேகன் வேலை செய்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இது பார்க்கிறதுக்கா, ஓடுறதுக்கா? அத மொதல்ல சொல்லுங்க." ஓடுவதற்கு என்றேன். "அப்ப பின்னால இருந்து தொடங்குவம்."

பின்பக்கத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஒரு காலத்தில், குண்டும் குழியுமான பாதைக்காக இருக்கலாம், காரின் பின்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தார்கள். பீட்டிலின் பின் அச்சு நடுவில் கியர்பொக்ஸோடு மூட்டுப் போட்டு ஆடுகிற அச்சு. உடல் உயர்ந்தால் சக்கரங்களின் கீழ்ப்பக்கம் உள்நோக்கி மடங்கிவிடும். பின்னால் நின்று பார்த்தால் கார் விரல் நுனியில் நிற்பது போல இருக்கும். படத்துக் கார் அப்படி நிற்காது; பின்சக்கரங்கள் ஊன்றி நிற்கும். ஹெர்பிக்கு அந்த உயிருள்ள முகம் வருவதில் பாதி இந்த நிற்கும் தோரணையால்தான் என்பது என் எண்ணம். தவிர, சக்கரம் உள்ளே மடங்கிய பீட்டில் வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்பக்கம் எழும்பி விலகும். ஆகவே இது அழகு விஷயம் மட்டும் இல்லை.

அந்தக் காலப் பீட்டிலில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பின் இருக்கைக்குக் கீழே குறுக்காக ஒரு குழாய், அதற்குள் பக்கத்துக்கு ஒரு முறுக்குக் கம்பி; அது முறுகுவதுதான் ஸ்பிரிங். கம்பியின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்முனையை ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை. வெளிமுனையில், சக்கரத்தோடு இணைகிற ஸ்பிரிங் பிளேட்டை ஒரு பல் நகர்த்தினால் 8 பாகை 10 கலை (60 கலை ஒரு பாகை). ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் திருப்பினால் மிச்சம் வெறும் 50 கலை, அதாவது ஒரு பாகைக்கும் குறைவு. வேர்னியர் அளவுகோல் வேலை செய்வதும் இதே கணக்கில்தான். எந்த விசேஷக் கருவியும் இல்லாமல் உயரத்தை இவ்வளவு நுட்பமாக மாற்ற 1930களிலேயே வழி வைத்திருக்கிறார்கள். கம்பியை இழுத்து வெளியே எடுத்து, கிரீஸைத் துடைத்து, அந்தப் பற்களை விரலால் தடவிப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

வேலை பொறுமையைச் சோதிக்கும். சேஸி சாய்ந்து நின்றால் கோணம் பிழைக்கும் என்பதால், முதலில் கதவுக்குக் கீழே உள்ள நேர்ப் பகுதியில் ரசமட்டம் வைத்துச் சாய்வைக் குறித்துக்கொண்டோம். பிறகு பாரம் இல்லாத ஸ்பிரிங் பிளேட்டின் சாய்வை அளந்து, முதல் அளவைக் கழித்தால்தான் உண்மையான கோணம் வரும். பிளேட்டைத் தாங்கும் வார்ப்பிலிருந்து விடுவிக்கிற கணம் ஆபத்தானது. உள்ளே முறுக்கு இருக்கிறது, சும்மா நெம்பினால் காலை உடைக்கும். நானா சங்கிலி கட்டி, அடியில் ஜாக் கொடுத்து, மெதுவாக இறக்கினார். அந்த நேரத்தில் கராஜில் யாரையும் கதைக்க விடவில்லை. இரண்டு பக்கமும் முடிந்து, உருட்டி முன்பின் தள்ளி இருத்தியதும் கார் படத்தில் நிற்கிற மாதிரியே நின்றது. வெள்ளையே அடிக்கவில்லை, துருப்பிடித்த உடம்புதான், ஆனாலும் அடையாளம் தெரிந்தது.

அடுத்தது கூரை. ஹெர்பிக்குத் துணிக் கூரை. பீட்டிலுக்கு அந்த மடிப்புத் துணி வந்த கடைசி ஆண்டு 1963. அதன் பிறகு கைபிடியைச் சுழற்றித் திறக்கும் இரும்புத் தகடு வந்தது. படத்துக் கோடுகள் அந்தத் துணியின் மேலாகவே ஓடும். மாமாவின் காருக்கு மூடிய கூரை. அதை வெட்டலாமா என்று வீட்டில் பெரிய விவாதம். கடைசியில் மாமாவே சரி என்றார்.

பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் விசாரித்து விசாரித்து, உடைந்த பீட்டில் ஒன்றின் கூரையை வாங்கினோம். தூண்களோடு சேர்த்து மாட்டுவதை நான் விரும்பவில்லை. உடம்பின் நேர் போய்விடும். திறப்பையும் அதைச் சுற்றியுள்ள உள்சட்டத்தையும் மட்டும் கையகலத் தகடு மிச்சம் வைத்து எடுத்தோம். கூரைத் தகடு மெல்லியது. ஒரே இடத்தில் சூடு ஏறினால் அலை அலையாக நெளிந்துவிடும், பிறகு எவ்வளவு பட்டி பூசினாலும் வெயிலில் தெரியும். டிங்கர் பாஸ் (தகடு வேலைக்காரர்) ஒரு மூலையில் ஒரு வெல்டிங் புள்ளி வைப்பார், எதிர் மூலைக்குப் போவார், கையால் தொட்டுப் பார்ப்பார், சூடு ஆறிய பிறகுதான் அடுத்த புள்ளி. அப்படியே சுற்றிச் சுற்றி, புள்ளிகள் தொட்டுக்கொள்ளும் வரை. துணியைக் குஷன் கடையில் தைத்தார்கள். பழைய துணியைப் பிரித்து, தையல் ஓட்டைகளை வைத்தே அச்சு எடுத்தார் அந்த அண்ணன். கொழும்பு மழைக்கு எப்படித் தாங்குகிறது என்பதை ஒக்டோபர் வந்தால் பார்க்கலாம்.

எஞ்சின் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டி இருந்தது. பந்தயக் காட்சிகளில் ஓடிய கார்களுக்கு போர்ஷே 356இன் எஞ்சின் வைத்தார்கள் என்பதால், பெரிய எஞ்சின் போடச் சொல்லிச் சிலர் சொன்னார்கள். நான் 1192 சிசியிலேயே நிற்கிறேன். கதையில் அது சின்ன எஞ்சின் வைத்த சின்னக் கார். அதே எஞ்சின் பின்னால் இரைய வேண்டும். பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, ஒரு சாதாரண விளக்கு வைத்துத்தான் பார்த்தோம்: கொயிலிலிருந்து ஒரு சின்ன பல்பை இணைத்து, புல்லியைக் கையால் வலஞ்சுழியாகத் திருப்பினால், பொயின்ட் (பொறியைத் தூண்டும் தொடுமுனை) திறக்கிற நொடியில் பல்ப் எரியும். அந்த நொடியில் புல்லியின் வலப்பக்க வெட்டு, எஞ்சின் உடம்பின் நடுப் பிளவுக்கு நேரே வர வேண்டும். அதுதான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 பாகை முன். பொயின்ட் இடைவெளி 0.4 மில்லிமீற்றர். ஸ்டார்ட் ஆனதும் நானா ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கத்தில் கை வைத்து அதிர்வைப் பார்த்துவிட்டுத் தேநீர் சொன்னார்.

மின்சாரத்தை 6 வோல்ட்டுக்கே திருப்பினேன். இங்கே பெரும்பாலானோர் 12க்கு மாற்றச் சொல்வார்கள், தினமும் ஓட்டுகிறவர்களுக்கு அது சரியான அறிவுரைதான். ஆனால் 6 வோல்ட் ஸ்டார்ட்டர் மெல்ல இழுத்து எழுப்புகிற அந்தச் சத்தம் இந்தக் காரின் குரல். அதே வெளிச்சத்துக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓடுவதால் வயரும் எர்த்தும் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். கடல்காற்றில் நின்ற காருக்கு அது லேசுப்பட்ட வேலை இல்லை. எர்த் இணைப்பு ஒவ்வொன்றையும் கழற்றி, உலோகம் மின்னும் வரை உரசி, கிரீஸ் பூசிப் பூட்டியதும் ஹெட்லைட் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு வந்தது.

சைலன்சரின் இரண்டு வால் குழாய்களையும் மாற்றினேன். சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றுக்குள் துளையிட்ட உட்குழாய் இல்லை, வெறும் பைப். அவற்றில் பீட்டிலுக்கே உரிய அந்தச் சீட்டிச் சத்தம் வராது, வெறும் இரைச்சல்தான். உட்குழாய் உள்ளதைத் தேடி வாங்குங்கள்.

இப்போது மிச்சம் இருப்பவை: உள்பக்கத்துக்கு மங்கல் சாம்பல் நிறம் (ஸ்டூடியோ விளக்கு பட்டு மின்னக் கூடாது என்று படத்தில் அப்படி அடித்தார்கள்), வெளியே எல்87 என்ற எண்ணுள்ள முத்து வெள்ளை, நிறம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு. சோலெக்ஸ் 28 பிக்ட் கார்பரேற்றர் ஒன்று கிடைத்திருக்கிறது, திரொட்டில் தண்டு தேய்ந்து காற்று இழுக்கிறது. அதற்குப் பித்தளைப் புஷ் கடைந்து தர கிராண்ட்பாஸில் ஒரு லேத்காரர் சம்மதித்திருக்கிறார். அது வந்ததும் ஐடிலிங் சரி செய்து, கொழும்புக் கோட்டை வரை ஓட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் 53.