வங்கி மீது வழக்குத் தொடுப்பதா?

குறிப்பிட்ட தொகைக்கு மேல் கடனட்டையில் செலவிட்டால் வெகுமதிப் புள்ளிகள் இரட்டிப்பாகும் என்று எழுத்தில் உறுதியளித்த வங்கி, நான் ஹட்டனில் குளிர்சாதனப் பெட்டியும் தளபாடங்களும் வாங்கி அந்த எல்லையைத் தாண்டிய பின்னர், ஏறத்தாழ 18,000 ரூபாய் பெறுமதியான புள்ளிகளைத் தர மறுத்துவிட்டது. மாதாந்தக் கூற்றில் மேலதிகப் புள்ளிகள் என்ற வரிக்கு நேரே பூச்சியம் மட்டுமே இருக்கிறது. தவணை முறைக்கு மாற்றிய கொள்வனவுகளுக்கு இது பொருந்தாது என்கிறார்கள். எனக்கு அனுப்பிய கடிதத்தில் அப்படியொரு நிபந்தனை எந்த மூலையிலும் இல்லை.

வழக்குப் போடவே முதலில் மனம் உந்தியது. ஆனால் ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் லீவு போட்டு நுவரெலியா மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்று, சட்டத்தரணிக்கும் கட்டணம் செலுத்தினால், வென்றாலும் கையில் மிஞ்சுவது சொற்பம். எழுத்துமூல ஒப்பந்தத்தை மீறியதற்கு வழக்குத் தொடர, கால எல்லை பற்றிய 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 6 ஆண்டுகள் அவகாசம் தருவதால், இப்போதே அவசரப்படத் தேவையில்லை என்பது என் கணிப்பு.

ஆகவே வங்கிக்குப் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன். திருப்தியான பதில் வராவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் உறவுகள் திணைக்களத்திடமும், பின்னர் வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் செல்வேன். தோட்டத்து லயங்களிலிருந்து படித்து வேலைக்கு வந்து, முதன்முறையாகக் கடனட்டை எடுத்த தம்பி தங்கைகளுக்கும் இதே வாக்குறுதியைக் காட்டித்தான் அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதால், தொகை சிறிதென்று விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒம்புட்ஸ்மனிடமும் நியாயம் கிடைக்காவிட்டால் வழக்குத்தான்.