பத்து நிமிஷம் காத்திருந்த சுழியம்

"இருப்பா, பூரணம் இன்னும் ஆறல. பத்து நிமிஷம்."

கடலூர் பாடலீஸ்வரர் கோயில் பக்கத்துச் சந்து. பெயர்ப்பலகைகூட இல்லாத கடை. ஏலக்காய் வாசம்தான் உள்ளே இழுத்தது.

பூரணத்தைச் சூட்டோடு உருட்டினால் சுழியம் எண்ணெயில் உடைந்துவிடுமாம். அதுவரை கடைக்கார அக்கா கடலைப்பருப்பு வெந்த பதத்தைக் காட்டினார்கள். விரலால் அழுத்தினால் நசுங்கணும், ஆனால் குழையக் கூடாது. வெல்லமும் தேங்காயும் அப்புறம்தான்.

முதல் ஈட்டில் ஒன்றை எடுத்து, பிட்டு, ஆவி பறக்க முகர்ந்து பார்த்தார்கள். தலையை மெல்ல ஆட்டிய பிறகுதான் எனக்கு வாழை இலைத் துண்டில் இரண்டு வந்தது. அந்தத் தலையாட்டல் இன்னும் கண்ணில் நிற்கிறது. யாரும் கேட்காத பரீட்சை அது. தினமும் நடக்கிறது.

மேல்மாவு மொறுமொறு, உள்ளே இளகிய இனிப்பு. கூட ஒரு டீ.

ஊருக்கு யார் வந்தாலும் நேராகச் சில்வர் பீச்சுக்குத்தான் கூட்டிப்போவேன். இனிப்பு என்றால் 20 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரிக்கு வண்டியை விடுவேன். எத்தனை வருஷம் இந்தச் சந்தைக் கடந்து போயிருப்பேன்! நம் ஊரை நாமே சரியாகச் சாப்பிட்டுப் பார்க்கவில்லை என்று தோன்றியது.

அம்மாவுக்கு நான்கு கட்டி வாங்கினேன். வீடு வரும்வரை பொட்டலம் மடியில் சுட்டுக்கொண்டே இருந்தது.