வெள்ளத்துக்குக் கிளெய்ம் போட்டால் பிரீமியம் ஏறுமா?

"கிளெய்ம் போட்டா அடுத்த வருஷம் ரெண்டு மடங்கு கட்டச் சொல்லுவாங்களாமே தம்பி, அதான் பேசாம விட்டுட்டேன்" என்று, காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பதைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோது, வெள்ளத்தில் விழுந்த அவர் வீட்டுப் பின்சுவர் மறுபடி எழுப்பப்பட்டு மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தச் சுவருக்காக அடகு வைத்த சங்கிலியை அவர் அப்போதும் மீட்டிருக்கவில்லை. இந்தப் பயம் வேலூர் விருதம்பட்டில் அவருக்கு மட்டும் இருப்பதல்ல. காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் வீட்டுக் காப்பீடு வைத்திருக்கும் பலர் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்தப் பயம் வாகனக் காப்பீட்டிலிருந்து வந்தது என்பது என் கருத்து. கார், பைக் பாலிசியில் ஓர் ஆண்டு முழுவதும் கிளெய்ம் இல்லையென்றால், வாகனச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். அது ஆண்டுக்காண்டு கூடி 50 விழுக்காடு வரை போகும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதனால் பம்பர் நசுங்கினால் கைக்காசைப் போட்டுச் சரிசெய்துகொள்வது அங்கே நியாயமான கணக்குதான். ஆனால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவடிவ வீட்டுப் பாலிசியில், ஒரு கிளெய்மால் பறிபோகும்படியான அப்படிப்பட்ட தள்ளுபடி ஏணி கிடையாது.

அந்த ஏப்ரல் நடுவில்தான் நானும் இந்தப் பாலிசியை எடுத்தேன். கட்டடத்துக்கு 25 லட்சம், வீட்டுப் பொருள்களுக்கு 5 லட்சம், வரியோடு சேர்த்துப் பிரீமியம் 1,900 ரூபாய். நவம்பரில் பாலாறு, எங்கள் தலைமுறை பார்த்திராத அளவுக்குக் கரைபுரண்டு ஓடியது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்ததும் அந்த மழையில்தான்; அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு, எங்கள் தெருவில் தண்ணீர் வடியாமல் வீட்டுக்குள் புகுந்ததைப் பெரிய துயரமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சுற்றுச்சுவரின் ஒரு பகுதி சாய்ந்தது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், கீழ்த்தள வயரிங் எல்லாம் போயின.

அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொன்னேன். நான்காம் நாள் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர், கூடத்துச் சுவரில் சேறு விட்டுப்போன கோட்டைத் தரையிலிருந்து டேப்பால் அளந்து 'இரண்டடி நான்கு அங்குலம்' என்று குறித்துக்கொண்டார். பிறகு ஃபிரிட்ஜின் பின்பக்கம் குனிந்து, ஈரத்துணியால் சேற்றைத் துடைத்து, தகட்டில் இருந்த வரிசை எண்ணைப் படம் எடுத்தார். பில் இல்லாத கட்டிலுக்குக்கூட, பழைய பொங்கல் புகைப்படம் ஒன்றில் அது தெரிவதைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

இழப்பீடாக 1,40,000 ரூபாய் முடிவானது. அதற்கான கடிதத்தில் ஒரு சிறு பிடித்தம் இருந்தது: 37 ரூபாய். கிளெய்ம் கொடுத்த அளவுக்குக் காப்பீட்டுத் தொகை குறைந்துவிடாமல், மீதமுள்ள மாதங்களுக்கும் முழு 30 லட்சமாகவே இருக்கும்படி அதை மறுபடி நிரப்புவதற்கான பிரீமியம் அது. 1,40,000 ரூபாய்க்கு, மிச்சமிருந்த ஐந்து மாதத்துக்கு, அதே விகிதத்தில் கணக்கிட்டால் சரியாக அந்த 37 ரூபாய்தான் வருகிறது. அந்த ஆண்டுக்குள் என் கிளெய்மின் 'விலை' அவ்வளவே.

அடுத்த ஏப்ரலில் புதுப்பிக்கக் கேட்ட தொகை 2,058 ரூபாய். 'ஏறிவிட்டதே' என்று முதலில் எனக்கும் திக்கென்றது. கட்டட மதிப்பை 27.5 லட்சமாக நானே உயர்த்தியிருந்தேன். 30 லட்சத்துக்கு 1,900 என்றால் 32.5 லட்சத்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். 2,058 வந்தது. விகிதம் ஒரு பைசாகூட மாறவில்லை.

எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பாலிசியின் வாசகம் எல்லா நிறுவனத்துக்கும் பொது, விலை பொதுவல்ல. எல்லா நிறுவனத்துக்கும் ஒரே விகிதத்தை விதித்த கட்டண அட்டவணை 2007-இல் நீங்கியதிலிருந்து நிறுவனங்களே விகிதத்தை முடிவுசெய்கின்றன. அடுத்தடுத்து கிளெய்ம் வந்தாலோ, வீடு ஆண்டுதோறும் நீர் தேங்கும் இடமென்று தெரிந்தாலோ, புதுப்பிக்கும்போது விகிதத்தை ஏற்றவும், நிபந்தனை போடவும் வாய்ப்புண்டு. வேறு நிறுவனத்துக்கு மாறினாலும், விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் முந்தைய கிளெய்மை மறைக்கவே கூடாது. மறைத்தது வெளிப்பட்டால் பின்னால் வரும் பெரிய இழப்பீட்டையே மறுத்துவிட முடியும். பத்தாண்டு வரை சேர்த்து எடுக்கும் வசதியும் இந்தப் பாலிசியில் இருக்கிறது. மொத்தப் பிரீமியமும் முன்கூட்டியே கட்டப்பட்டுவிடுவதால், இடையில் கிளெய்ம் வந்தாலும் அந்தக் காலம் முடியும்வரை விகிதம் பற்றிய பேச்சே எழாது. ஆற்றோரம் இருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் மைத்துனர், கூரை ஒழுகியதற்குக் கிளெய்ம் போட வேண்டாமென்று அங்கே பலரும் அறிவுரை சொன்னதாகக் கூறினார். அந்த ஊருக்கு அது பொருந்தும். அமெரிக்காவில் நிறுவனங்கள் பார்க்கும் பொதுப் பதிவேட்டில் ஒரு வீட்டின் கிளெய்ம்கள் ஏழாண்டு வரை நிற்கும், பிரீமியமும் அதைப் பார்த்து ஏறும். அந்த அறிவுரையை அப்படியே பாலாற்றங்கரைக்குக் கொண்டுவருவதில்தான் தவறு. மொட்டைமாடிக் கசிவு, பழசாகிப் பெயர்ந்த பூச்சு போன்றவை இங்கே பாலிசிக்குள்ளேயே வராது என்பதால், அவற்றுக்காக அலைய வேண்டாம். வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால், அதில் சுவர் விழுந்தால் தயங்காமல் போட வேண்டும்.

அக்காவிடம் பாலிசியைக் கொண்டுவரச் சொன்னேன். ஜவுளிக்கடைப் பையில், வீட்டுக்கடன் காகிதங்களுக்கு நடுவே அது இருந்தது. 2019-இல் வங்கிக் கடனோடு சேர்த்து எடுத்த பத்தாண்டுப் பாலிசி. மொத்தப் பிரீமியமும் கடன் தொகையிலேயே கட்டப்பட்டிருந்தது. வெள்ளம் அதில் அடக்கம். கிளெய்ம் போட்டதற்காக 2029 வரை அவருடைய விகிதத்தை யாரும் ஏற்றியிருக்க முடியாது. அவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். கட்டடத்துக்கு மட்டுமே காப்பீடு இருப்பதைப் பார்த்துவிட்டு, பொருள்களுக்குத் தனியாக எடுக்க என்னென்ன வேண்டுமென்று கேட்டார். அன்று மாலையே அவர் மகன் ஃபிரிட்ஜை நகர்த்தி, பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.