கரடி பொம்மையை எங்கே வைத்தீர்கள்?

முதல் நாள், மறதியைச் சோதிக்கும் அந்த டேப்லெட்டுக்குத் தரையே பிடிபடவில்லை. பளபளவென்று துடைத்த வெள்ளை டைல்ஸ். கேமராவுக்கு ஒரு கோடோ பூவோ கறையோ அடையாளம் வேண்டும். வெறும் தரையில், திரையில் மட்டும் தெரியும் கரடி பொம்மை வைத்த இடத்தில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. மறுநாள் வீட்டிலிருந்து பூப்போட்ட பாயைக் கொண்டுபோய் விரித்தேன். கரடி அடங்கி உட்கார்ந்தது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் வேலை. பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடப் பழக்குவதுதான் என் அன்றாடம். ஆரம்பநிலை அல்சைமர் மறதிநோயை ஆக்மென்டட் ரியாலிட்டி மூலம் கண்டறியலாமா என்று பார்க்கும் முயற்சி ஒன்றில் கொஞ்ச நாள் உதவியாக இருந்தேன். திரையில் நம் அறையே தெரியும். அதில் மூன்று பொம்மைகளை மூன்று இடங்களில் வைக்க வேண்டும். இடையில் வேறொரு சின்ன வேலை. அப்புறம் வைத்த வரிசையிலேயே தேடிப் போக வேண்டும். எங்கே தயங்கினார், எந்தப் பக்கம் தவறாகத் திரும்பினார், கை எவ்வளவு நடுங்கியது என்று கருவி குறித்துக்கொள்ளும்.

சொற்களை விட்டுவிட்டு இடத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அல்சைமர் முதலில் கைவைக்கும் பகுதிகளில் ஒன்று மூளையின் என்டோரைனல் கார்டெக்ஸ். நாம் நிற்கும் இடத்தைக் கட்டம் போட்டுக் கணக்கு வைக்கும் செல்கள் அங்கே இருப்பதை மூளை ஆய்வாளர்களான மோசர் தம்பதியின் குழு 2005இல் கண்டுபிடித்தது. 2014இல் இன்னொரு ஆய்வாளர் ஜான் ஓகீஃபோடு அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பகுதி முதலிலேயே பாதிக்கப்படுவதால் சிலருக்குப் பேச்சு தடுமாறுவதற்கு முன்பே வழி தடுமாறலாம்.

பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டி வந்தார். வழக்கமான மறதிச் சோதனையில் கடிகாரம் வரையச் சொன்னால் பென்சிலையே ஏதோ கத்தி மாதிரி பிடித்தார். தேதி கேட்டால், "அதெல்லாம் கிராணிக்குத்தான் தெரியும் தம்பி" என்றார். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். டேப்லெட்டைக் கையில் கொடுத்ததும் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், கரடி அங்கே ஒளிந்திருக்கிறதா என்று. முதல் சுற்றில் தோல்வி. அந்த மதிப்பெண்ணை நான் நம்பவில்லை. அரை மணி நேரம் சும்மா விளையாட விட்டு, மறுபடி செய்யச் சொன்னேன். நேராகப் போய் மூன்றையும் தொட்டார். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் நெற்றி விளக்கோடு தன் மர வரிசையான நிரையைப் பிடித்து, ஒரு மரம் விடாமல் பால் வெட்டியவர். எந்த மரத்தில் பால் வடியும் மங்கு உடைந்திருந்தது என்பதைக்கூட இன்னும் சொல்வார். பழகாத கையை நோயுள்ள மூளை என்று எழுதிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொருவர் ஓய்வுபெற்ற பெரிய கிராணி. கடிகாரம் அச்சடித்ததுபோல் வரைந்தார். தேதி, கிழமை, பிரதமர் பெயர், நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது, எல்லாம் சுத்தம். மனைவிதான் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தார். போன மாதம் சந்தைக்குப் போனவர், தாம் குடியிருக்கும் தாமானுக்குத் திரும்பாமல் பழைய தோட்ட ஆபீஸ் இருந்த பக்கம் போய் நின்றாராம். அங்கே இப்போது செம்பனை மரங்கள்தான்.

பாயின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவோரம் அவரே வைத்த கரடியைத் தாண்டி இரண்டு முறை போனார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வச்சத யாரு மாத்துனது?" என்றார்.

மறுபடி பழகவிட்டுச் செய்தும் அதேதான். இது நோய்க்குப் பெயர் வைக்கும் சோதனை அல்ல. தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வுகூட ஆளைத் தடுமாற வைக்கும். அதைத்தான் அவர் மனைவியிடம் சொன்னேன். எங்கள் டாக்டர் ஈப்போ மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார்.

அட்டையில் தேதி குறிக்கப் போனேன். ஐயா பேனாவை என் கையிலிருந்து வாங்கி, நாள், கிழமை, நேரம் மூன்றையும் தானே எழுதினார். கிராணி கையெழுத்து, ஓர் அடித்தல் இல்லை. எழுதி முடித்துவிட்டு, வாசல் எந்தப் பக்கம் என்று மனைவியைப் பார்த்தார்.