மரம் ‘மாம்’ ஆகும் இடம்: தொடக்கப்பள்ளிக் கையெழுத்தைச் சோதிப்பது

பாளையங்கோட்டை வட்டாரத்தில் எந்தத் தொடக்கப்பள்ளியில் நுழைந்தாலும் பிள்ளைகளின் கையெழுத்துக்கு இரண்டே தீர்ப்புதான். ‘முத்து முத்தா இருக்கு’, இல்லாவிட்டால் ‘கோழி கிண்டுன மாதிரி இருக்கு’. இரண்டுமே அழகைப் பற்றிய பேச்சு. முத்து முத்தாக எழுதும் பிள்ளை மூணுசுழி ண-வையும் ரெண்டுசுழி ன-வையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டுப் போயிருக்கும். கோணல்மாணலாக எழுதுகிற பிள்ளையின் நோட்டை யார் எடுத்தாலும் தட்டாமல் படித்துவிடலாம். மதிப்பெண் மட்டும் முதல் பிள்ளைக்குப் போகும்.

தெளிவு என்றால் ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக வாசிக்க இடம் தராமல் எழுதுவது. எந்த இடத்தில் வழுக்கும் என்பது எழுத்துமுறைக்கு எழுத்துமுறை மாறும். சீன எழுத்தில் கோடுகளின் நீளமே பொருளை மாற்றிவிடும். ‘மண்’ என்ற எழுத்தில் நடுவே ஒரு குத்துக்கோடு, குறுக்கே இரண்டு கோடுகள், கீழ்க்கோடு நீளம். மேல்கோட்டை நீளமாக இழுத்துவிட்டால் அது ‘அறிஞர்’ என்ற வேறு எழுத்து. அதனால்தான் அங்கே பிள்ளைகளுக்கு நான்காகப் பிரித்த சதுரக் கட்டம் போட்ட நோட்டு கொடுக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் தன் சதுரத்துக்குள் சரியான அளவில் உட்கார வேண்டும். அந்தக் கட்டத்தின் வடிவமே சீனத்தில் ‘வயல்’ என்ற எழுத்து! தமிழில் சதுரம் உதவாது. ‘ர’ ஒல்லி, ‘ணோ’ அதைப்போல நான்கு மடங்கு அகலம். ஆங்கில நாலுகோடு நோட்டின் அளவுகோலும் இங்கே பொருந்தாது. நமக்கு வழுக்குகிற இடங்கள் சுழி, கால், கொம்பு, விலங்கு (‘மி’, ‘மீ’-யில் மேலே வளைகிற குறி), புள்ளி.

முதலில் எழுத வைப்பதைச் சொல்லிவிடுகிறோம். சொல்வதை எழுதுதல் வேண்டாம், பார்த்தெழுதுதல்தான் சரி. திருநெல்வேலிப் பக்கம் வீட்டிலும் தெருவிலும் பழம் ‘பளம்’, மழை ‘மளை’. சொல்லி எழுத வைத்தால் பிள்ளை தெளிவான ‘ள’ எழுதிவிட்டு நிற்கும். அது ஒலிப்பிழையா, கைப்பிழையா என்று பிரிக்க முடியாது. கதையோ பாடலோ கொடுத்தால் வாசிப்பவர் ஊகித்தே படித்துவிடுவார். ஆகவே தொடர்பில்லாத 20 சொற்கள், மொத்தம் 45 எழுத்துக்குக் குறையாமல். மரம், கரம், எரி, ஏரி, கெடு, கேடு, கொடு, கோடு, மின், மீன், பணி, பனி, கடு, சுடு, மழை, முளை, வலை போன்றவை. ஜோடிகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். எரியும் ஏரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிள்ளை கவனமாகக் கீழ்க்கோட்டை இழுத்துவிடும், வழக்கமான கை வெளியே வராது. இது மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு. இரண்டாம் வகுப்புக்கு 10 சொற்கள் போதும், ஒன்றாம் வகுப்புக்குத் தனி எழுத்துகள்.

எல்லாருக்கும் ஒரே ஹெச்பி பென்சில், சீவிய முனை, ஒரே இடைவெளியில் கோடு போட்ட தாள். காலை முதல் பாடவேளையில் எழுத வையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் மதியத்துக்கு மேல் உள்ளங்கை வேர்த்துத் தாள் நமுத்துப்போகும், பென்சில் ஈஷும். கைக்குக் கீழே ஒரு துண்டுத்தாள் வைத்தால் பாதி அழுக்கு குறையும். இடக்கைப் பிள்ளைக்குத் தாளைக் கடிகாரம் சுற்றும் திசையில் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். நேராக வைத்தால் எழுதினதை எழுதின கையே துடைத்துக்கொண்டு போகும். தாளின் பின்புறம் எண் மட்டும், பெயர் வேண்டாம்.

இனி வாசிப்பு. வகுப்பு டீச்சர் இதைச் செய்யவே கூடாது. பழகின கண் எதையும் படித்துவிடும். மேலப்பாளையத்துத் தாளை முன்னீர்ப்பள்ளத்து ஆசிரியரும், அவர்கள் தாளை இவர்களும் பார்க்கலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றில் இரண்டு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்று 1.5 செ.மீ. அகலம், ‘ர’, ‘ட’ போன்றவற்றுக்கு. மற்றது 3 செ.மீ., கொம்பும் காலும் சேர்ந்தவற்றுக்கு. எழுத்து எழுத்தாகத் தள்ளிக் காட்ட வேண்டும். பார்த்தவுடன் சரியாகச் சொன்னால் 2, தயங்கிச் சரியாகச் சொன்னால் 1, தப்பாகச் சொன்னாலோ தெரியவில்லை என்றாலோ 0. தப்பாகச் சொன்னதை அப்படியே பக்கத்தில் குறிப்பது முக்கியம். 45 எழுத்துக்கு முழு மதிப்பு 90. ஒரு பிள்ளை 74 வாங்கினால் 82 சதவீதம்.

இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 45-இல் 39 எழுத்துக்கு இருவரும் ஒரே மதிப்பு போட்டிருந்தால் ஒத்துப்போவது 87 சதவீதம், நல்லது. 80-க்குக் கீழே போனால் பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டாம், விதிதான் தெளிவாக இல்லை. உட்கார்ந்து பேசி, விதியைத் திருத்தி, மறுபடி பார்க்க வேண்டும்.

மதிப்பெண்ணைவிட அந்த ஓரக்குறிப்பில்தான் சரக்கு இருக்கிறது. அடிக்கடி விழுகிற தப்புகளைச் சொல்கிறோம்.

‘ர’ முதலிடம். கீழே சாய்த்து இழுக்கும் சிறு கோடு விடுபட்டால் அது வெறும் துணைக்கால். ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடும், ‘கரம்’ ‘காம்’ ஆகிவிடும். ஆனால் ‘ர்’, ‘ரி’ இரண்டிலும் அந்தக் கோடு இல்லை என்றால் மதிப்பைக் குறைக்காதீர்கள். பழைய அச்சிலேயே அப்படித்தான் இருக்கும். புள்ளியும் விலங்கும் அதைக் காலிலிருந்து பிரித்துக் காட்டிவிடுகின்றன.

அடுத்து கொம்பு. இரட்டைக்கொம்பின் மேல்சுழி மூடாமல் போனால் ‘கேடு’ ‘கெடு’ ஆகும். கொம்புக்கு இன்னொரு தொல்லை உண்டு. அது தன் எழுத்துக்கு முன்னால் நிற்பதால், இடைவெளி தப்பினால் முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். வரி முடிவில் ‘கெ’ எழுதி, இடமில்லாமல் காலை அடுத்த வரியில் வைக்கிற பிள்ளைகளும் உண்டு. இது கைப்பிழை இல்லை, ‘கொ’ ஓர் எழுத்து என்று இன்னும் மனதில் பதியவில்லை.

எ, ஏ இரண்டையும் பிரிக்கிற கீழ்க்கோட்டுக்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. முன்பு குறிலுக்குப் புள்ளி வைப்பது வழக்கம். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று அதை விட்டுவிடுவார்கள். நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். அவர் தொடக்க காலத்தில் ஊழியம் செய்தது கோவில்பட்டி பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில். ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்றாய்த் தெரிகிற நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

‘க’-வும் ‘சு’-வும் கணினிக்கே தகராறு. ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களில் ‘கட்டு’ என்பதை ‘சுட்டு’ என்று எடுத்துக்கொடுக்கும். பிள்ளைகளிடம் ‘சு’-வின் வலப்பக்கச் சுற்று பாதியில் நின்றுவிடுவதால் இந்தக் குழப்பம். ‘ழ’-வின் வால் குட்டையானால் ‘ம’. ‘மீ’-யின் விலங்குச் சுழியை மொட்டைப் பென்சிலால் அழுத்தினால் அடைத்துக்கொண்டு ‘மி’. புள்ளி வலப்பக்கம் தள்ளிப்போனால் அது அடுத்த எழுத்துக்குச் சேர்ந்துவிடும்.

பாட்டியிடம் எழுதப் பழகிய பிள்ளை ‘லை’-க்கு யானைத் தும்பிக்கை போடலாம். 1978-இல் தமிழக அரசு மாற்றிய 13 எழுத்துகளில் அதுவும் ஒன்று. 60 வயதைக் கடந்தவர் 2 போடுவார், இளைய ஆசிரியர் 0 போடுவார். முன்கூட்டியே பேசிவையுங்கள். வாசிக்க முடிந்தால் 2 போட்டு, ‘பழைய வடிவம்’ என்று குறித்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

வேகத்தைத் தனியாகப் பாருங்கள், தெளிவோடு கூட்டிக் கழிக்க வேண்டாம். வேறோர் நாளில் அதே சொற்களை ‘சீக்கிரம் எழுது’ என்று சொல்லி, நிமிடத்துக்கு எத்தனை எழுத்து என்று எண்ணலாம். அவசரத்தில் முதலில் உதிர்வது எது என்று அப்போது தெரியும். பெரும்பாலும் சுழி.

சுழி உதிர்வதற்குக் காரணம் தாளில் தெரியாது, எழுதும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ‘ன’, ‘ல’, ‘வ’ எல்லாம் சுழியில் தொடங்குகிற எழுத்துகள். சில பிள்ளைகள் உடம்பை வரைந்துவிட்டுக் கடைசியில் சுழியை ஒட்டவைக்கும். மெதுவாக எழுதினால் வித்தியாசமே தெரியாது. வேகம் கூடினால் கடைசியில் வைக்கிறதுதான் முதலில் போகும். அந்தப் பிள்ளைக்கு நூறு தடவை எழுதச் சொல்லித் தண்டனை கொடுத்தால் தப்பு நூறு தடவை உறுதிப்படும். ஒரு தட்டில் அரை அங்குலம் தேரி மணலைப் பரப்பி, விரலால் சுழியில் தொடங்கி எழுத வையுங்கள், ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், ஒரே எழுத்து. பென்சிலை அதற்குப் பிறகு கொடுக்கலாம். ஆறு வாரம் கழித்து அதே 20 சொற்களை வரிசை மாற்றிக் கொடுத்து, அதே சன்னல் அட்டையோடு மறுபடி பாருங்கள்.